கண்டிப் பீரங்கியும் அதன் பிறப்புச் சான்றும்



நான் கண்டி மாநகரில் நெடுங்காலம் சரித்திர ஆசிரியனாக இருந்து, இன்று ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபராகக் கடமையாற்றுபவன். சரித்திரம் படிப்பிக்கின்றவன் என்று பெயரெடுத்தவனிடம் ஊரவர் தம் வீட்டுப் பழம்பொருள்களைக் கொண்டுவந்து காட்டுவது இயல்பு. செல்லரித்த ஓலைச்சுவடி, தேய்ந்துபோன ஒல்லாந்தர் செப்புக்காசு, பிடி கழன்ற பாக்குவெட்டி எனப் பலவும் என் மேசைக்கு வந்ததுண்டு. ஆனால், சில ஆண்டுகளுக்கு முன்னர் என் பழைய மாணவன் ஒருவன் கொண்டுவந்த செய்தி இவை எல்லாவற்றினும் வேறானது.

கண்டிக்கு அண்மையில் உள்ள ஒரு பழைய வீட்டில் அவன் குடும்பம் வாழ்ந்து வந்தது. கூரையைப் பழுதுபார்த்தபோது பரணில் ஒரு தகரப்பெட்டி அகப்பட்டது. அதனுள்ளே எண்ணெய்த் துணியிற் சுற்றிய ஒரு கைத்துவக்கு இருந்தது. றிவோல்வர் என்று நாம் வழங்கும் சுழல் துவக்கு அது. “சேர், இது கண்டியின் கடைசி அரசன் கையில் இருந்த துவக்கு. எங்கள் தாத்தாவுக்கு அவருடைய தாத்தா சொன்னது” என்றான் அவன். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் விளங்கிய பெருமையை நான் இன்றும் மறக்கவில்லை.

நான் அவனுக்கு முதலிற் சொன்னது சரித்திரம் அன்று, சட்டம். “அதைத் தொடாதே, இங்கே கொண்டுவராதே, பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்துவிடு” என்றேன். 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப் பத்திரமின்றி ஒரு துவக்கை வைத்திருத்தல் குற்றமாகும். அன்றியும், பழைய துவக்கினுள்ளே தோட்டா இருக்கிறதோ இல்லையோ என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது. அவனும் அவ்வாறே அறிவித்தான். அதிகாரி ஒருவர் வந்து, அதனைத் தீங்கற்றதாக்கி எடுத்துச் சென்றார். பின்னொரு நாள் அவருடைய அனுமதியோடு, நிலையத்தின் மேசையிலேயே, பூதக்கண்ணாடி கொண்டு அதனை ஒரு மணி நேரம் பார்வையிடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றதையும், அது என்னை எந்தப் பெரிய கதைக்கு இட்டுச் சென்றது என்பதையுமே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் அந்தக் குடும்பக் கதையைச் சோதிப்போம். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1815ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆங்கிலேயர் கையிற் சிறைப்பட்டான். மார்ச் 2ஆம் நாள் செய்யப்பட்ட உடன்படிக்கையினால் அரசுரிமையையும் இழந்தான். அடுத்த ஆண்டு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே 1832ஆம் ஆண்டு உயிர்நீத்தான். அவன் அரசிழந்த அதே 1815இல்தான் ஐரோப்பாவில் வாட்டர்லூப் போர் நிகழ்ந்தது. ஐரோப்பாவின் பெரும்படைகள் எல்லாம் அன்று ஏந்தி நின்றவை சக்கிமுக்கிக் கல்லினால் தீப்பொறி எழுப்பும் துவக்குகள். குழல்வாயின் வழியே மருந்தும் குண்டும் இட்டு, ஒருமுறை சுட்டபின் மீண்டும் இட்டுச் சுட வேண்டியவை அவை.

பல அறைகள் கொண்ட உருளையைச் சுழற்றிச் சுடும் எண்ணம் பழையதே. கைவேலையாகச் செய்த அரிய கருவிகள் சில முன்னரும் இருந்தன. ஆயினும், குதிரையைப் பின்னுக்கு இழுக்கும்போதே உருளை தானாகச் சுழன்று அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும் அமைப்புக்கு சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கர் இங்கிலாந்தில் 1835இலும் அமெரிக்காவில் 1836இலும் உரிமை பெற்ற பின்னரே, றிவோல்வர் உலகில் பரவியது. அதுவும் வெடிமருந்தைத் தனியாக இட்டுச் சுட்ட கருவிதான். மருந்தும் குண்டும் ஒருங்கே அடங்கிய உலோகத் தோட்டாவை உருளையின் பின்புறத்தால் இடும் சிமித் அண்ட் வெசன் றிவோல்வர் 1857இல் வெளிவந்தது. பெட்டியில் அகப்பட்டதோ பித்தளைத் தோட்டாவுக்கென்றே செய்யப்பட்டது. எனவே, கடைசி அரசன் அதனைக் கையாலே தொட்டிருக்க இயலாது; கண்ணாலே கண்டிருக்கவும் இயலாது.

அப்படியாயின் அந்தத் துவக்கு எது? எக்காலத்தது? ஒரு படைக்கலத்தை விசாரிக்கும்போது நான்கு சாட்சிகளை அழைக்க வேண்டும். முதற் சாட்சி அதன் இயக்கம். இரண்டாவது அதன் உடலில் வெட்டிய குறிகள். மூன்றாவது அதன் தொடரிலக்கம். நான்காவது அது கைமாறி வந்த வழி. முதல் மூன்றும் இரும்பு சொல்லும் சாட்சி. நான்காவது கடதாசியும் மனிதரும் சொல்லும் சாட்சி.

நான் பார்த்த துவக்கு நடுவில் மடிந்து திறப்பது. மேலே உள்ள கொளுவியைத் தளர்த்தினால் குழல் முன்னே சாய்ந்து, உருளையின் ஆறு அறைகளும் தெரியும். வெற்றுத் தோட்டாக்கள் ஒருங்கே வெளியே தள்ளப்படும். இது பேர்மிங்காம் நகரத்து வெப்ளி நிறுவனத்தின் அமைப்பு. அந்த வரிசையில் முதலாம் மாதிரி 1887இலும், இரண்டாவது 1894இலும், மூன்றாவது 1897இலும், நான்காவது 1899இலும், ஐந்தாவது 1913இலும், ஆறாவது 1915இலும் பிரித்தானியப் படைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டன. குழலின் நீளமும் பிடியின் வடிவும் ஆறாம் மாதிரியை ஏனையவற்றிலிருந்து பிரித்துக் காட்டிவிடும். எங்கள் துவக்கின் குழல் ஆறு அங்குலம். பிடியின் அடி சதுரமாக இருந்தது. இவ்விரண்டும் ஆறாம் மாதிரிக்கு உரியவை. துருவை மெல்லத் துடைத்துப் பார்த்தபோது, உடற்பகுதியின் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரும், மாதிரியின் இலக்கமும், அவற்றின் கீழே 1917 என்ற ஆண்டும் வெட்டப்பட்டிருந்தன.

மற்றுமொரு குறி என் கருத்தைக் கவர்ந்தது. பிரித்தானிய அரசாங்கத்துக்கு உரிய பொருள்களில் அகன்ற அம்பு ஒன்றைப் பொறிப்பது அந்நாட்டின் பழைய வழக்கம். இந்தத் துவக்கில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு அம்புகள், முனையோடு முனை முட்டி நின்றன. படையின் உடைமையாக இருந்த பொருள், முறைப்படி விற்கப்பட்டு வெளியாருக்குச் சென்றது என்பதே அதன் பொருள். பாருங்கள்! இரண்டு சிறு கீறல்கள் ஒரு துவக்கின் வாழ்வை இரண்டு பாகங்களாகப் பிரித்துக் காட்டிவிட்டன.

இரும்பு சொல்லக்கூடியது அவ்வளவுதான். அது எவ்வாறு கண்டி மலைக்கு வந்தது என்பதை நான்காம் சாட்சியே சொல்ல வேண்டும். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு 1900ஆம் ஆண்டில் தோட்டத்துரைமாரின் துவக்குப்படை ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. முதலாம் உலகப் போரில் அப்படையினர் பலர் எகிப்துக்கும் கலிப்பொலிக்கும் சென்றனர். இரண்டாம் உலகப் போரிலோ, 1944இல் மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசியப் படைத்தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கே கொண்டுவந்தார். எனவே, இத்தகைய துவக்கு இப்பகுதிக்கு வந்து சேர வழிகள் பல. எந்த வழி என்பதை அந்தத் தகரப்பெட்டியே தெரிவித்தது. அடித்தட்டில் மடித்துக் கிடந்த ஒரு கடதாசியை முதலில் எவரும் பொருட்படுத்தவில்லை. விரித்துப் பார்த்தபோது, அது ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையின் பெயரில் வழங்கப்பட்ட துவக்கு அனுமதிப் பத்திரம். என் மாணவனின் தாத்தா அத்தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது துரை ஊர் திரும்பினார் என்றும், போகும்போது சில பெட்டிகளைக் கிளாக்கரிடம் விட்டுச் சென்றார் என்றும் வீட்டின் மூத்த அத்தை அப்போதுதான் நினைவுகூர்ந்தார்.

உண்மை வெளிப்பட்டது. ஆனால், என் மாணவனின் முகம் வாடிவிட்டது. அரசனின் துவக்கு, துரையின் துவக்காகிப் போயிற்று அல்லவா? “அப்படியென்றால் எங்கள் கண்டி அரசர்களிடம் துவக்கே இல்லையா, சேர்?” என்று கேட்டான். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. பொய்யான பெருமை ஒன்றை எடுத்துவிட்டால், அவ்விடத்தில் மெய்யான பெருமை எது என்று காட்டுவது ஆசிரியனின் கடன். அதற்காகவே நான் அவனுக்கு ஒரு பீரங்கியின் கதையைச் சொன்னேன்.

அதற்கு முன்னர், கண்டியிலே துவக்கு இருந்ததா என்னும் கேள்விக்கு விடை கூறவேண்டும். இருந்தது, சிறப்பாகவும் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் இத்தீவுக்கு வந்தபின் வெடிகருவிகள் இங்கே பெருகின. அந்நூற்றாண்டு முடியுமுன்னரே இந்நாட்டுக் கொல்லர்கள் அக்கலையில் கைதேர்ந்துவிட்டனர். 1596இல் வெளிவந்த தம் பயண நூலில் லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தர், இலங்கையர் செய்யும் துவக்குக் குழல்களின் அழகையும் வெள்ளிபோன்ற பளபளப்பையும் வியந்து எழுதியிருக்கிறார். சிங்களத்தில் துவக்குக்கு வழங்கும் சொல்லும், இலங்கைத் தமிழராகிய நாம் வழங்கும் துவக்கு என்னும் சொல்லும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்களே. போர்க்களத்தில் எதிர்நின்றவரிடமிருந்தும், கடைவீதியில் அருகிருந்தவரிடமிருந்தும் சொற்கள் பரவும் விதத்துக்கு இது நல்ல சான்று.

ஆனால், இந்தத் துவக்குகளுக்கு ஆண்டு வெட்டும் வழக்கம் இல்லை, தொடரிலக்கமும் இல்லை, பேர்மிங்காமில் உள்ளதுபோன்ற சோதனைச் சாலையின் முத்திரையும் இல்லை. அவற்றை இனங்காண்பது எப்படி? வடிவத்தாலும் வேலைப்பாட்டாலுமே இனங்காண வேண்டும். ஐரோப்பியத் துவக்குகளில் தீப்பொறி எழுப்பும் பொறி குழலின் வலப்பக்கத்தில் இருக்கும். சிங்களத் துவக்குகளில் அது இடப்பக்கத்தில் அமைந்திருக்கும். சோங்கின் முனை இரண்டாகப் பிளந்து, செதுக்கு வேலையோடு விளங்கும். தந்தமும் வெள்ளியும் பதித்த கொடிக்கோலங்கள் உடலெங்கும் ஓடும். அரசனுக்குப் பணிபுரிந்த கைவினைஞர் மரபுகளை ஆராய்ந்து, ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். சிங்களரின் படைக்கலங்களைத் தனியே ஆராய்ந்து போல் தெரணியகல அவர்கள் 1942இல் எழுதினார். இவர்களைப் போன்றோர் சேர்த்துவைத்த அறிவே இன்று நமக்கு அளவுகோல்.

வடிவத்தைப் பார்த்து முடிவு சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒரு துவக்குக்கு வயது ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. குழல் ஒரு காலத்தில் செய்யப்பட்டிருக்கலாம். சோங்கு வேறொரு காலத்தில் பொருத்தப்பட்டிருக்கலாம். அணிவேலை அதற்கும் பின்னர் நடந்திருக்கலாம். குழல் ஒரு தேசத்தில் பிறந்து, மரமும் வெள்ளியும் இன்னொரு தேசத்தில் சேர்வதும் உண்டு. ஆகையால், ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

ஆயுதத்தைப் பார்த்து அதன் வாழ்க்கையைப் படிக்கும் கலை தமிழருக்குப் புதிதன்று. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் காட்டிய ஆயுதசாலையில் அணிசெய்து நெய்பூசி வைத்த வேல்களைக் கண்டார். அவை போர் காணாதவை என்பதை அவற்றின் பளபளப்பே அவருக்குச் சொல்லிவிட்டது. தம் அரசனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று அவர் நயம்படக் கூறிய செய்தி புறநானூற்றில் உள்ளது. தேய்மானமும் ஒரு சாட்சி. தேயாமையும் ஒரு சாட்சி.

இனி, அந்தப் பீரங்கியைப் பார்ப்போம். லெவுகே பீரங்கி என்று இன்று அது அழைக்கப்படுகின்றது. வெண்கலத்தால் ஆன சிறிய பீரங்கி. பொன்னும் வெள்ளியும் போர்த்து, செம்மணிகள் பதித்து, வேலைப்பாடு மிக்க வண்டியின்மேல் ஏற்றப்பட்டது. ஔவையார் இதனைக் கண்டிருந்தால், களத்துக்கு உரியதன்று, கொலுவுக்கு உரியது என்று முதற் பார்வையிலேயே சொல்லியிருப்பார். சூரியனும் பிறையும் சிங்கமும் அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளன. இவை கண்டி அரசனின் சின்னங்கள். எனவே, அது எந்த அரசவைக்கு உரியது என்னும் கேள்விக்கு அதன் உடலே விடையளிக்கின்றது.

காலத்தை அறிவதற்கோ அதனினும் உறுதியான சான்று உண்டு. பீரங்கியின்மேல் சிங்கள எழுத்தில் ஒரு வாசகம் வெட்டப்பட்டுள்ளது. லெவுகே திசாவை அதனை அரசனுக்குக் காணிக்கையாக அளித்த செய்தியை அது தெரிவிக்கின்றது. திசாவை என்பவர் ஒரு மாகாணத்தை ஆண்ட பெருந்தலைவர். அக்காணிக்கையின் காலம் 1745 – 46 என்று அறிஞர் கணித்துள்ளனர். அக்காலத்தில் கண்டியில் அரசிருந்தவன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன். 1739இல் நரேந்திரசிங்கன் மகப்பேறின்றி இறந்தபின், அவன் தேவியின் உடன்பிறந்தானாகிய இவன் அரியணை ஏறினான். மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியின் முதல் அரசன் இவனே. 1747வரை ஆண்டான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அந்த எழுத்து நமக்குத் தருவது காணிக்கையின் ஆண்டு. குழலை வார்த்த ஆண்டு அன்று. வார்ப்பு அதே ஆண்டிலும் நடந்திருக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன்னரும் நடந்திருக்கலாம். ஆனால், அதற்குப் பின்னர் நடந்திருக்க முடியாது. என் மாணவனின் துவக்கில் வெட்டிய 1917 என்பது அது செய்யப்பட்ட ஆண்டு. கண்டிப் பீரங்கியில் வெட்டியதோ அது கொடுக்கப்பட்ட ஆண்டு. இரண்டும் இலக்கங்களே, இரண்டும் சொல்லும் செய்தி வேறு. வரலாறு படிக்கும் இளைஞர் இந்த வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொள்வாராக.

கொலுமண்டபத்தில் இருந்த பீரங்கி கண்டியை விட்டு எவ்வாறு போயிற்று? ஸ்ரீ விஜய இராஜசிங்கனுக்குப் பின் அரசேறிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், கரையோரத்து மக்கள் ஒல்லாந்தருக்கு எதிராகக் கிளர்ந்தனர். அரசன் அவர்களுக்குத் துணைநின்றான். 1761இல் போர் மூண்டது. ஒல்லாந்த ஆள்பதி வான் எக் 1764இல் முதன்முறை கண்டிமேற் படையெடுத்துத் தோல்வியுற்றார். மறு ஆண்டு பெரும்படையோடு மீண்டும் வந்து, 1765 பெப்ரவரியில் நகருக்குள் புகுந்தார். அரசன் முன்னரே விலகிச் சென்றுவிட்டான். அரண்மனை சூறையாடப்பட்டது. ஆனால், அந்த வெற்றி நிலைக்கவில்லை. வான் எக் கொழும்புக்குத் திரும்பி ஏப்பிரல் மாதத்தில் உயிர்நீத்தார். கண்டியில் விடப்பட்ட படை, நோயாலும் உணவின்மையாலும் நலிந்து, அவ்வாண்டு ஓகஸ்டிலே பின்வாங்கியது. 1766 பெப்ரவரியில் ஏற்பட்ட உடன்படிக்கையால் கண்டி அரசு கரையோரம் முழுவதையும் இழந்து, கடலில்லாத மலைநாடாயிற்று.

நகரை ஒல்லாந்தர் வைத்திருந்தது ஆறு மாதமே. அங்கிருந்து எடுத்துச் சென்ற பொருள்களோ இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாக அவர் நாட்டில் இருந்தன. பீரங்கி ஒல்லாந்தத்தின் ஆட்சித் தலைவராகிய ஐந்தாம் வில்லியம் இளவரசருக்கு அனுப்பப்பட்டது. 1795இல் அவர் பதவியிழந்து வெளியேறியபின், 1800ஆம் ஆண்டில் ஹேக் நகரில் திறக்கப்பட்ட தேசியக் கலைக்கூடத்தில் அது இடம்பெற்றது. அக்கலைக்கூடமே பின்னர் அம்ஸ்டர்டாம் நகரத்து றைக்ஸ் மியூசியமாக வளர்ந்தது.

இலங்கை சுதந்திரம் பெற்றபின், பிறநாடுகளில் உள்ள நம் பழம்பொருள்களைத் தேடிக் கணக்கெடுக்கும் பணி தொடங்கியது. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. எச். டி. எச். டி சில்வா அவர்கள் 1975இல் அவற்றின் விரிவான பட்டியலை நூலாக வெளியிட்டார். எங்கே எது இருக்கிறது என்று தெரியாதவன் எதையும் கேட்க முடியாது. கேட்கும் உரிமைக்கு முதற்படி பட்டியலே. யுனெஸ்கோவின் வாயிலாகவும் இலங்கை தன் கோரிக்கையை முன்வைத்தது. ஆயினும், பொருள்கள் உடனே திரும்பவில்லை.

2019ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ஆய்வாளர்கள், குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அந்நாட்டுக்குச் சென்ற பொருள்கள் எவ்வாறு வந்து சேர்ந்தன என்று ஆராயும் திட்டமொன்றைத் தொடங்கினர். அதன் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. கண்டிப் பீரங்கியும் அதில் விசாரிக்கப்பட்டது. நான் முன்னர் கூறிய நான்கு சாட்சிகளில் நான்காவதை, அதாவது கைமாறி வந்த வழியை, அவர்கள் தங்கள் சுவடிச்சாலைகளில் தேடினர். பொருளின் உடலிலுள்ள சிங்கள எழுத்தும், கடதாசியிலுள்ள ஒல்லாந்த எழுத்தும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின. அது பரிசாகப் பெற்றதன்று, விலைக்கு வாங்கியதன்று, 1765இல் கண்டியில் கொள்ளையிட்டது என்பது நிலைநாட்டப்பட்டது. 2021இலேயே நெதர்லாந்து அரசாங்கம், இவ்வாறு எடுத்த பொருள்களைக் கேட்டால் திருப்பிக் கொடுப்பது என்னும் கொள்கையை ஏற்றிருந்தது. அதன்படி 2023 யூலையில் முடிவு அறிவிக்கப்பட்டது. ஓகஸ்டில் கொழும்பில் ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. பீரங்கியோடு பொன்வேலைக் கஸ்தானை வாள் ஒன்று, வெள்ளிவேலைக் கஸ்தானை வாள் ஒன்று, கத்தி ஒன்று, பெருந்துவக்குகள் இரண்டு என ஆறு பொருள்கள் வந்து சேர்ந்தன. 2023 டிசெம்பரில் அவை கொழும்புத் தேசிய நூதனசாலையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

நேயர்களே! இங்கே நான் என் குறை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கண்டி அரசரின் சிம்மாசனம் 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது என்பது நாம் அறிந்ததே. இளமையில் நான் வகுப்பில் அதைப்பற்றிப் பேசும்போது, அது நம் கைவினைஞர் செய்தது என்று சொல்லி வந்தேன். பின்னர்தான், அது 1693இல் ஒல்லாந்த ஆள்பதி தோமஸ் வான் றீ, இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த பரிசு என்று படித்தறிந்தேன். அதனால் அச்சிம்மாசனத்தின் பெருமை குறைந்ததா? இல்லை. கண்டி அரசர் பலர் அதில் வீற்றிருந்து ஆண்டனர். பிறந்த இடம் ஒன்று. வாழ்ந்த வரலாறு வேறொன்று. இரண்டையும் உள்ளவாறே கூறுவதில் எவருக்கும் இழிவில்லை. உண்மை தெரிந்தபின்னும் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருப்பதுதான் இழிவு.

சிம்மாசனம் பரிசாக வந்தது. பீரங்கி கொள்ளையாகப் போனது. இரண்டையும் பிரித்தறிய வைத்தவை ஆண்டும் ஆவணமுமே அல்லவா? “எங்களுடையது, எங்களுடையது” என்று உரக்கச் சொன்னதனால் மட்டும் அந்தப் பீரங்கி திரும்பவில்லை. எவர் கொடுத்தார், எப்போது கொடுத்தார், எவர் எடுத்தார், எப்போது எடுத்தார் என்னும் கேள்விகளுக்குச் சான்றோடு விடை கிடைத்தபோதே திரும்பியது. ஒருவேளை நாம் அதன் காலத்தைத் தவறாகச் சொல்லி, இல்லாத அரசன் பெயரை அதன்மேல் ஏற்றியிருந்தால், நம் நியாயமே பலவீனப்பட்டிருக்கும். பொய்ப்பெருமை மெய்யுரிமையைக் கெடுக்கும்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது என் மாணவன் சிறிது நேரம் மௌனமாக இருந்தான். பின்னர், “அந்தக் கடதாசியை என்ன செய்யலாம், சேர்?” என்று கேட்டான். துவக்கு சட்டப்படி பொலிசாரிடமே இருந்துவிட்டது. அனுமதிப் பத்திரத்தை அவன் கண்ணாடிச் சட்டத்துள் இட்டு வைத்திருக்கிறான். அதன் பின்புறத்தில், தாத்தா எத்தோட்டத்தில் எத்தனை ஆண்டு வேலை செய்தார், பெட்டி எவ்வாறு வந்தது, எந்நாளில் கண்டெடுக்கப்பட்டது என்பவற்றை அத்தை சொல்லச் சொல்ல அவனே எழுதி, தேதியிட்டுக் கையொப்பமும் இட்டிருக்கிறான். மலைநாட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வரலாற்றில் அது முதல் ஆவணம். அரசன் கதையைக் காட்டிலும் அது சிறியதாக இருக்கலாம். ஆனால், அது அவர்களுடையது, மெய்யானது, ஒருவராலும் மறுக்க முடியாதது.

உங்கள் வீடுகளிலும் பழம்பொருள்கள் இருக்கலாம். சுடுபடைக்கலம் அகப்பட்டால், தொடாது அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். ஏனைய பொருள்களைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். அவ்வாறு தேய்க்கும்போது அழுக்கோடு எழுத்தும் போய்விடும். எழுத்தோடு சாட்சியும் போய்விடும். பொருளோடு கிடக்கும் கடதாசியை எறிந்துவிடாதீர்கள். முதியோரிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னவாறே எழுதி, எழுதிய நாளையும் குறித்து வையுங்கள். கொழும்புக்குச் செல்லும்போது நூதனசாலையில் அந்தக் கண்டிப் பீரங்கியின் முன்னே உங்கள் பிள்ளைகளைச் சற்று நேரம் நிறுத்துங்கள். பொன்னையும் மணியையும் காட்டியபின், அதன்மேல் வெட்டிய எழுத்தையும் காட்டுங்கள். அதனை மீண்டும் நம் நாட்டுக்குக் கொண்டுவந்ததில் பொன்னுக்கும் மணிக்கும் இல்லாத பங்கு அந்த எழுத்துக்கு உண்டு.